முன்னூறு முழம் எழுதிய ஜெயசீலன்

அன்று காலை ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்குப் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தேன். சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் இருக்கும் என் டிடிபி கடையில் அந்த நேரத்தில் கூட்டம் இருக்கும். கடலூரிலிருந்து ஜெயசீலனின் மனைவி ரோஸி கூப்பிட்டாள். "அண்ணே, அவரு போயிட்டாரு" என்றாள். எங்கே என்று கேட்டுவிட்டேன். ஐம்பது வயதை நெருங்குகிறவன் கேட்கிற கேள்வியா அது? ரோஸி, "மூணு மணிக்கு எடுக்குறோம்ணே, வந்துடுங்க" என்றாள். போனேன். மழை தூறியது. அடக்கத்துக்கு நம் வாசகர் கூட்டத்திலிருந்து நான்கு பேர் வந்திருந்தீர்கள்.

வராதவர்களுக்கும், அவனைச் சரியாகத் தெரியாதவர்களுக்கும் சொல்கிறேன். ஜெயசீலன் கடலூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தான். ஞாயிறு ஆராதனை தவறாதவன். மற்ற நேரமெல்லாம் ஒரே ஒரு நாவலை எழுதினான். பெயர் 'முன்னூறு முழம்'. வேதத்தில் வரும் பெருவெள்ளத்தையும் பேழையையும் அறிவியல் புனைகதையாகத் திருப்பிச் சொல்லும் நாவல். கெட்டுப்போன ஒரு கிரகத்தை நீர் மூடுகிறது. ஒரு குடும்பமும் சகல உயிர்களின் கருக்களும் ஒரு கலத்தில் ஏறுகின்றன. கலத்தின் கதவு ஓர் இயந்திரத்தின் பொறுப்பில் இருக்கிறது. எழுதுவதற்கு அவன் வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றுதான். "சம்பவம் வேதத்தோடது மச்சான். சாமான் மட்டுந்தான் நம்மளோடது" என்பான். ராக்கெட்டு வைக்கலாம், கணினி வைக்கலாம். நடந்ததை மாற்றக் கூடாது.

இந்தச் சட்டத்தால் பட்ட பாடு கொஞ்சமில்லை. பேழையின் நீளம் வேதத்தில் முழக் கணக்கில்தான் இருக்கிறது. முழம் என்றால் யாருடைய முழம் என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிதம்பரம் கீழவீதியில் என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பூக்கார அம்மாவின் முன்னால் நின்று, "முன்னூறு முழம் எவ்ளோ வரும்மா?" என்றான். அந்த அம்மா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு, "இன்னா சார், தேருக்கா?" என்றார். "இல்லம்மா, கப்பலுக்கு." அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். ஜெயசீலன் அந்த அம்மாவின் கையை நீட்டச் சொல்லித் தன் முழங்கையோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "ஒங்க முழம் ரொம்பச் சின்னதும்மா, என் கப்பல்ல ஆளுங்க எடமில்லாம போயிடுவாங்க" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னான். கடைசியில் தன் கை முழத்தையே வைத்துக்கொண்டான். அதுதான் ஜாஸ்தி நீளம்.

முதல் பிரதியைப் படித்த போதகர் இது வேதத்தைக் கேலி செய்கிறது என்றார். சென்னையில் ஒரு பதிப்பாளர் இது பிரசங்கம் மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். "ரெண்டு பேரும் ஒரே பஸ்ல ஏறிப் பேசி முடிச்சிக்கட்டும்" என்றான். அப்போதெல்லாம் அவனுக்குச் சிரிக்கத் தெரியும்.

இரண்டாயிரத்து நான்கின் நடுவில் நம் கூட்டத்தில் கதவு அத்தியாயத்தை வாசித்தான். ஞாபகம் இருக்கிறதா? வெள்ளம் வாசலைத் தொடும்போது இயந்திரம் கதவை அடைக்கும். வெளியே இருப்பவர்களின் சத்தத்தை அது அளந்து பதிவு செய்யும். ஆய்வகத்துக்காரனின் துல்லியம் அது. நாமெல்லாம் பாராட்டினோம். எதற்கு இயந்திரம், ஒரு மனிதன் அடைத்தால் என்ன என்று உங்களில் யாரோ கேட்டீர்கள். "வேதத்துலயும் கதவ மனுஷன் சாத்தல. மேல இருக்கறவருதான் சாத்துனாரு. மனுஷன் கையில அத குடுத்துட்டா, அவன் அப்புறம் எப்படிச் சோறு துன்னுவான்?" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அந்த ஆண்டு டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. அவன் அன்று காலை தேவனாம்பட்டினத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம் கொண்டுபோயிருந்தான். மொட்டை மாடியில் ஏறிப் பிழைத்துவிட்டான் என்று மட்டும் நமக்குத் தெரியும். அதன்பிறகு கூட்டத்துக்கு வருவான், ஓரமாக உட்கார்ந்திருப்பான், வாசிக்கச் சொன்னால் கதவு அத்தியாயம் சரியாக வரவில்லை என்பான். அவனைச் சோம்பேறி என்று நாம் பேசிக்கொண்டோம். நான்தான் அதை முதலில் சொன்னவன்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று ரோஸியிடம் கேட்டேன். "எழுதுங்கண்ணே. அவரே எழுதணும்னுதான் ஏழு வருஷமா ஒக்காந்திருந்தாரு" என்றாள்.

கடல் வந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். புதுச்சத்திரம் தாண்டியதும், கேட்காமலே சொன்னான்.

"அன்னிக்கு மாடியில முப்பது பேரு இருந்தோம் மச்சான். இன்னும் ஏறுனா மாடி தாங்காதுன்னு ஒருத்தரு கத்துனாரு. கதவாண்ட நாந்தான் நின்னேன். தாப்பா போட்டுட்டேன்."

"அப்புறம்?"

"தட்டுனாங்க. ஜாஸ்தி நேரம் இல்ல. கொஞ்ச நேரந்தான்."

பேருந்து ஏதோ ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"தொறந்தப்ப படியில யாரும் இல்ல மச்சான்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சிதம்பரத்தில் இறங்கியதும் டீ குடிக்கலாமா என்று கேட்டேன். குடிக்கலாம் என்றான். இன்றுவரை அதை நினைத்தால் எனக்கே என்மேல் கோபம் வருகிறது. போதகரிடமும் ஒருமுறை சொல்லியிருக்கிறான். "மன்னிப்பு கெடச்சிடுச்சுன்னாரு. யாரு குடுத்தாங்கன்னு கேட்டேன். கர்த்தர்னாரு. படியில இருந்தவங்க குடுக்கலியே மச்சான்" என்று என்னிடம் சொன்னான்.

அவன் அத்தனை வருடம் செய்ய முயன்றது ஒன்றுதான். அந்த நாவலில் அந்தக் கதவை எப்படியாவது திறந்துவிட வேண்டும். சட்டம் விடவில்லை. வேதத்தில் அது அடைக்கப்பட்டுவிட்டது. "கதைதானே, தொறந்துட்டுப் போடா" என்று ஒருமுறை கத்திவிட்டேன். "கதைன்னா நான் ஏன் இதுல கெடக்கப் போறேன்?" என்றான்.

இரண்டாயிரத்துப் பத்தில், வந்தது வரட்டும் என்று கையெழுத்துப் பிரதியை என்னிடம் தட்டச்சுக்குக் கொடுத்தான். ஆவணி மாதம். கல்யாணப் பத்திரிகை வேலை தலைக்கு மேல். "அன்புடன் அழைக்கிறோம்" என்று அடித்து அடித்து விரல்கள் அதற்கே பழகிப்போயிருந்தன. நடுநடுவே நாவலையும் அடித்தேன். மெய்ப்புத் திருத்த வந்தவன் ஒரு பக்கத்தை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், இது நான் எழுதுனது இல்லியே."

எட்டிப் பார்த்தேன். 'இயந்திரம் எல்லோரையும் அடைத்தது' என்பது கதவு அத்தியாயத்தில் அவன் எழுதிய வாக்கியம். 'இயந்திரம் எல்லோரையும் அழைத்தது' என்று நான் அடித்திருந்தேன். "குடு, திருத்திடறேன்" என்று கையை நீட்டினேன்.

"இரு. நான் மாத்தலியே. ஒன் கைதானே மாத்திச்சு? வேதத்துல நான் கைய வைக்கலியே?"

எழுந்து நின்றுவிட்டான். முகம் மாறிவிட்டது. அந்த வாக்கியத்தை உரக்கப் படித்தான், பிறகு இன்னொரு தடவை படித்தான். என்னை இழுத்துக்கொண்டு போய் இட்லியும் கொத்சும் வாங்கிக் கொடுத்தான். நாலு இட்லி தின்றான். கடலுக்குப் பிறகு அவன் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு பிழை செய்ததற்காக என் தொழிலில் நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தான். சவரம் செய்யவில்லை. சிவப்புப் பேனாவை வாங்கி அந்த எழுத்தைச் சுழித்து, ஓரத்தில் 'ட' என்று எழுதினான்.

"ஒன் கை தப்புனதுக்கு எனக்கு மன்னிப்பு வந்தா, அது செல்லுமா மச்சான்? திருத்திடு."

திருத்தினேன். இருக்கட்டும்டா என்று கெஞ்சியிருக்கலாம். தட்டச்சுக்காரன் புத்தி, சொன்னதைச் செய்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்தப் பதிப்பாளருக்கும் அனுப்ப அவன் சம்மதிக்கவில்லை. போன டிசம்பரில் அடித்த புயலில் காடாம்புலியூரில் ரோஸி வீட்டாரின் முந்திரித் தோப்பு மொத்தமாகச் சாய்ந்தது, கடலூரில் இவர்கள் வீட்டுக் கூரை போனது. போனில், "வெள்ளத்த எழுதுனேன், காத்த எழுத மறந்துட்டேன் மச்சான்" என்றான். சில மாதத்தில் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் அறைக் கதவைச் சாத்த விடமாட்டான் என்று ரோஸி சொன்னாள். நர்சுகள் திட்டினார்களாம்.

அடக்கம் முடிந்த மறுநாள், ஒரு பிரதியாவது வேண்டும் என்று ரோஸி கேட்டதால், கோப்பைத் திறந்தேன். அந்தப் பக்கத்துக்கு வந்ததும் 'ட'வை அழித்துவிட்டு 'ழ' போட்டேன். இனி யார் கேட்கப் போகிறார்கள்? இயந்திரம் எல்லோரையும் அழைத்தது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அடுத்த வரியில் வெளியே சத்தம் நின்றுவிடுகிறது. அழைத்தாலும் அங்கே யாரும் இல்லை. இது அவனுக்கு அந்த மூன்று நாளில் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிய அவன் சாக வேண்டியிருந்தது. மறுபடியும் 'ட' போட்டேன்.

ரோஸி தன் பிரதியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஜெயசீலனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இன்னொரு பிரதி. வரிக்கு வரி பார்த்துவிட்டேன். அதில் ஒரு பிழைகூட இல்லை.