பெட்டி யார் பின்னால் வரும்

சாத்தாங்காட்டில் நாங்கள் இரும்புத் தகடு வெட்டிய பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. ஒரு சனிக்கிழமை சூப்பர்வைசர் டீ கேன் பக்கத்துச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். அதில் இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் வால் மாதிரி ஒரு கோடு, நடுவில் குறுக்கே ஒரு கோடு. ஒன்றின் கீழே என் பெயர், மற்றதன் கீழே பக்கத்து மெஷினில் நிற்கும் என் தோஸ்தின் பெயர். நான் நான்காம் வகுப்போடு நின்றவன். பெயரை மட்டும் படித்தேன். என் பெட்டிதான் பெரிது. நல்லதுதான் போல என்று நினைத்தேன்.

"இன்னா மாமு, உன் பொட்டில ரெண்டு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம் போல கீதே!" என்றான் தோஸ்து.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "வெட்டின துண்டையெல்லாம் அளந்து கம்ப்யூட்டர் போட்டது இது. நடுக்கோடு ரெண்டு பேருக்கும் ஒரே உயரம். ஆனா அவன் துண்டுல பாதி இந்தச் சின்னப் பொட்டிக்குள்ள அடங்குது. உன்னுது அடங்க இவ்ளோ பெருசு வேணும். ஒரு துண்டு நீளம், ஒரு துண்டு குட்டை. இப்படியே போனா உன்னை லோடு ஏத்தத்தான் அனுப்பணும்."

இடுப்பு பிடித்து ஒருமுறை பதினைந்து நாள் படுத்தவன் நான். லோடு வேலை ஒரு மாதம்கூடத் தாங்காது. நீளத்துக்கு அளவு வைத்து முடுக்கியிருக்கும் ஸ்டாப்பரில் தகடு போய் இடிக்கும்வரை தள்ளித்தான் வெட்டினேன், தோஸ்தும் அப்படித்தான்.

நான்காம் நாள் சூப்பர்வைசரின் மேசை முன் நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னேன்: "சார், ஒரு வாரம் எங்க ரெண்டு பேரையும் மெஷினு மாத்தி வுட்டுப் பாருங்க சார்."

"சரி, திங்கக்கிழமை மாறிக்கோங்க," என்றார். அவர் ஒத்துக்கொண்ட பிறகு பயம் இன்னும் கூடியது. பெரிய பெட்டி என் பின்னாலேயே வந்துவிட்டால்? தப்பு என் கையில்தான் என்று நானே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். அந்த வாரம் முழுக்கத் தோஸ்தின் மெஷினில் ஒவ்வொரு தகடும் இடிக்கும் சத்தத்தைக் கேட்ட பிறகே வெட்டினேன். வீட்டில் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை புதுத் தாள். என் பெயரைத் தேடினேன். மேலே சின்னப் பெட்டி. மூச்சு வந்தது. அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தேன். பெரிய பெட்டி இப்போது தோஸ்தின் பெயருக்கு மேல் நின்றது. அவன் உதடு காய்ந்திருந்தது.

"மாமு, நான் ஒழுங்காத்தான் வெட்டினேன்," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

"அவன் இல்ல சார், மெஷினு," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

மூவரும் என் பழைய மெஷினுக்குப் போனோம். சூப்பர்வைசர் ஸ்டாப்பரைக் கட்டைவிரலால் தள்ளினார். அது நகர்ந்தது.