ஊற விட்ட வீடு

லாட்ஜில் அவரை எல்லோரும் 'வாசனை' என்றுதான் கூப்பிடுவார்கள். "வாசனையை வரச் சொல்லு, மூணாவது மாடியில ஒரு ரூம் சரியில்ல" என்று மேனேஜரே சொல்லுவார். துப்புரவு வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பெயரில் கேலி இருந்தது. தலைமைத் துப்புரவாளர் ஆன பிறகு கேலி உதிர்ந்து, பட்டம் மட்டும் நின்றுவிட்டது. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அறையைக் கூட்டி, துடைத்து, விரிப்பு மாற்றியதும் ஜன்னல்களை இறுக்கிச் சாத்துவார். தரை துடைக்கும் திரவத்தைத் தண்ணீர் சேர்க்காமல் கெட்டியாகவே துணியில் தொட்டு, கட்டில் கால், கதவு இடுக்கு, அலமாரியின் உட்புறம் எல்லாம் ஓர் இழுப்பு இழுப்பார். அதற்கு மேல் ஸ்பிரே. பிறகு கதவைப் பூட்டிவிட்டு "ஊறட்டும்" என்பார். வருகிற ஆள் கதவைத் திறந்து இழுக்கும் முதல் மூச்சிலேயே இடம் சுத்தம் என்று தெரிந்துவிட வேண்டும், கண் அப்புறம் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. "அண்ணே, ரூமை ஊற வச்சுட்டீங்க, எப்ப பிழிஞ்சு காயப்போடப் போறீங்க?" என்று உடன் வேலை செய்கிற பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சிரிக்க மாட்டார். தொழிலில் விளையாட்டு அவருக்குப் பிடிக்காது.

வீட்டிலும் இதே முறைதான். கேனின் அடியில் மிஞ்சுகிற திரவத்தை எடுத்துப்போக மேனேஜர் அனுமதித்திருந்தார். இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட அந்த வீட்டில் தரை எப்போதும் வழுவழுவென்று இருக்கும். மகள் குழந்தையோடு வரப்போகிறாள் என்று தெரிந்தால் போதும், முதல் நாளே விடுப்புச் சொல்லிவிட்டு வந்து முழங்கால் போட்டுத் துடைப்பார். பேத்தி தவழ்கிற தரை. ஒரு பங்குக்கு இரண்டு பங்காக ஊற்றித் துடைத்து, ஜன்னல்களைச் சாத்தி, ஊற விடுவார்.

ஆனால் மகள் தங்குவதில்லை. காலையில் வருவாள், மதியத்துக்குள் கிளம்பிவிடுவாள். ஒரு தடவை கணவனுக்கு வேலை நேரம் மாறிவிட்டது என்றாள். ஒரு தடவை தண்ணீர் லாரி வரும் என்றாள். இன்னொரு தடவை, வளர்க்காத பூனைக்குச் சோறு வைக்க வேண்டும் என்றாள். பூனை வரைக்கும் வந்த பிறகு அவருக்குப் பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளைதான் காரணம்" என்றார் மனைவியிடம். "கக்கூஸ் கழுவுறவன் வீட்டுல புள்ள தங்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பாரு."

மனைவி துணி மடிப்பதிலேயே குனிந்திருந்தாள். அந்த மௌனத்தையும் அவர் தன் பக்கமே எழுதிக்கொண்டார்.

குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது மகள் மறுபடி வேலைக்குப் போகத் தீர்மானித்தாள். பகலில் பேத்தி நம் வீட்டில்தான் என்று அவர் லாட்ஜ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பழைய தொட்டிலுக்கு வர்ணம் அடிக்கக்கூட ஆள் பார்த்தாயிற்று. அப்போதுதான், மகள் தன் தெருவிலேயே பிள்ளை பார்த்துக்கொள்கிற ஓர் அம்மாளிடம் பேசி முடித்துவிட்டாள் என்ற செய்தி மனைவியின் வாயிலிருந்து, அதுவும் சோறு போடுகிற சாக்கில், வந்து விழுந்தது. அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். முன்பின் தெரியாத ஒருத்தி வளர்க்கலாம், தாத்தா வீடு ஆகாது. ஆசை ஆசையாகப் பெருக்கித் துடைத்ததற்கெல்லாம் முகத்தில் காறித் துப்பினது போல இருந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், சட்டைகூட மாற்றாமல், நேரே மகள் வீட்டுக்குப் பஸ் ஏறினார். போகிற வழியெல்லாம் பேச வேண்டியதை மனத்துக்குள் தீட்டிக்கொண்டே போனார்.

கதவைத் திறந்தது மருமகன். "வாங்க மாமா" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். என் கைத்தொழில் உங்களுக்குக் கேவலமாக இருக்கலாம், அந்தக் கையில்தான் உங்கள் மனைவி சாப்பிட்டு வளர்ந்தாள், படித்த திமிரை என் பேத்தியிடம் காட்ட வேண்டாம். இப்படியே போயிற்று. மருமகன் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். சத்தம் போட்டுப் பேசி அவர் பார்த்ததில்லை. அன்றைக்கும் கதவைப் பிடித்தபடி நின்றான்.

சத்தம் கேட்டு மகள் உள்ளேயிருந்து வந்தாள். அவள் பின்னால் குழந்தை, தாத்தாவைப் பார்த்ததும் தத்தித் தத்தி ஓடி வந்தது. கோபமெல்லாம் அந்த நொடியே எங்கோ போய்விட, அவர் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார்.

மகள் குறுக்கே வந்துவிட்டாள். குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, சட்டையை மாத்திட்டுத் தூக்குங்களேன்."

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. மருமகன் உள்ளே போய்த் தன்னுடைய துவைத்த சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.

பிறகு மகள் உட்கார வைத்துச் சொன்னாள். தாத்தா வீட்டுக்குப் போய் வருகிற ஒவ்வொரு தடவையும் சாயங்காலத்துக்குள் குழந்தைக்கு மூச்சு இளைப்பு வந்துவிடுகிறது. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மருந்து ஆவி கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் என்னென்ன உபயோகிக்கிறீர்கள் என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். நெடியடிக்கிற திரவம், ஸ்பிரே எதுவுமே பிள்ளை இருக்கிற அறையில் கூடாது, அதிலும் மூடிய அறையில் கூடவே கூடாது என்றார். பேச்சோடு பேச்சாக அலமாரியைத் திறந்து, மூக்கில் வைக்கிற சின்ன பிளாஸ்டிக் மூடியையும் மருந்துக் குழாயையும் காட்டினாள். அந்த மூடி ஒரு பொம்மைக்குப் போடுகிற அளவுதான் இருந்தது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"எப்படிப்பா சொல்றது? நாங்க வர்றோம்னு முட்டி தேயத் துடைச்சு வைக்கிறீங்க. அதாலதான் புள்ளைக்கு மூச்சுத் திணறுதுன்னு உங்க மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்வேன்? அதுக்குப் பூனை மேல பழி போட்டுட்டேன்."

"லேசாத்தானே ஊத்துறேன். அப்படி ஒண்ணும் நெடி இல்லையேம்மா."

மகளும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருமகன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மாமா, தெருமுனை திரும்புறப்பவே உங்க வீடு வந்துருச்சுன்னு தெரியும்."

தனக்கு நெடி தெரியாததன் காரணம் அவருக்கு மட்டும் தெரியும். போன வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கருகியது. மனைவி கூச்சலிட்ட பிறகுதான் நிமிர்ந்தார், பேப்பரில் மூழ்கிவிட்டேன் என்று சமாளித்தார். அதற்கு முன்பே சந்தேகம் உண்டு. மூக்கு செத்துக்கொண்டு வந்தது. பட்டமே மூக்கால் வந்த பட்டம், வெளியே சொன்னால் லாட்ஜில் சிரிப்பார்கள் என்று விழுங்கிக்கொண்டார். தனக்கு வாசனை தட்டும் வரை ஊற்றினார். தட்டவில்லை, இன்னும் ஊற்றினார். அப்படி ஊற்றிய தரையில்தான் பேத்தி தவழ்ந்தது.

வாசலில் வைத்துப் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் இப்போது திரும்பி வந்து குத்தியது. மருமகனிடம் ஏதாவது சொல்லத்தான் வேண்டும். அவன் கொடுத்த சட்டையை மடித்து வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்காமலேயே கிளம்பினார்.

வீட்டில் மனைவியிடம் கேட்டார், உனக்கும் தெரியுமா என்று. அவள் சட்டென்று மழுப்பப் பார்த்தாள், முடியவில்லை. எத்தனையோ காலமாக அவளுக்கே தலைவலி. அவர் வேலைக்குக் கிளம்பித் தெருவைத் தாண்டியதும் எல்லா ஜன்னலையும் திறந்து வைப்பாளாம். அவர் வருகிற நேரம் பார்த்துச் சாத்திவிடுவாளாம்.

"சாத்தாம விட்டிருக்கலாமே."

"நீங்க வந்ததும் ஜன்னலைத்தானே பாப்பீங்க" என்றாள்.

மிச்சமிருந்த கேன்களை மறுநாள் லாட்ஜிலேயே கொண்டுபோய் வைத்தார். இனி வேண்டாம் என்றபோது மேனேஜர் காரணம் கேட்டார். வீட்டில் இடமில்லை என்று பொய் சொன்னார். பிறகு வீட்டைக் கழுவ ஆரம்பித்தார். வெறும் தண்ணீர், துணி சோப்பு, வெயில், அவ்வளவுதான். திரைச்சீலை, தலையணை உறை, மெத்தை எல்லாவற்றையும் மொட்டை மாடிக்கு ஏற்றினார். அலமாரிப் பலகைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். தன் கையாலேயே ஊற விட்டதை இப்போது தன் கையாலேயே உரித்து எடுக்க வேண்டியிருந்தது. இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. மனைவியைக் கேட்டால், "போயிடுச்சு போல" என்கிறாள். இத்தனை வருஷம் அவர் மனம் நோகாமல் ஜன்னல் சாத்தியவள். அவள் சொல்லை எப்படி நம்புவது?

இரண்டு வாரம் யோசித்துவிட்டு மருமகனுக்குப் போன் செய்தார். வந்து மோந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். கேட்கும்போது குரல் ஒடுங்கிப் போயிற்று.

மருமகன் தனியாக வந்தான். அன்றைக்குப் பேசியதெல்லாம் தப்பு என்று வாசலிலேயே சொன்னார். "விடுங்க மாமா" என்றானே தவிர, பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. அறை அறையாக நடந்தான். தலையணையில் முகம் வைத்தான், திரைச்சீலையைப் பிடித்து மோந்தான், கட்டிலுக்கு அடியில் குனிந்தான். வாசல்படியில் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். லாட்ஜில் முதலாளி சோதனைக்கு வரும்போதுகூட அவர் இப்படிக் காத்து நின்றதில்லை. கடைசியில் மருமகன் புடவை அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டு, மூலையில் கிடந்த அந்துருண்டைகளைப் பொறுக்கி எடுத்தான்.

"இதுவும் ஆகாது மாமா. டாக்டர் தனியாச் சொன்னாரு."

அவர் உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இதை வைத்ததும் அவர்தான்.

"மத்தபடி பரவால்ல. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றோம். சாயங்காலம் வரைக்கும் இருந்து பாப்போம். இளைப்பு வரலைன்னா அப்புறம் பேசலாம்."

அவருக்கு அதுவே பெரிதாக இருந்தது. தலையை ஆட்டினார். மருமகன் செருப்பு மாட்டக் குனியும் வரை காத்திருந்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அன்னிக்கு நான் வீட்டுல இருக்கலாமா மாப்பிள்ளை? இல்ல, எங்கயாவது போயிடட்டுமா?"

மருமகன் ஒரு செருப்பின் வாரை மாட்டிவிட்டு, மற்றதன் வாரைப் பிடித்தபடி குனிந்தே சொன்னான்.

"லீவு போட்டுருங்க மாமா. குளிச்சிட்டு, புதுசாத் துவைச்சதைப் போட்டுட்டு இருங்க. முதல்ல கொஞ்சம் தள்ளியே உக்காருங்க. அவளே வருவா."