சாமி படங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள்

1. முதல் நாள்

தஞ்சாவூர் கீழவாசலில், படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என் கையில் சுத்தியலைக் கொடுக்கவில்லை. ஒரு கட்டு அட்டையைக் கொடுத்தார். முருகன் படமோ கல்யாணப் படமோ, சட்டத்துக்குள் தொய்யாமல் நிற்க வேண்டுமானால் பின்னால் கெட்டியான அட்டை வேண்டும். அதற்குப் பேக்கிங் என்று பெயர். புது அட்டை வாங்கும் வழக்கம் எங்கள் கடையில் கிடையாது. பழைய காலண்டர், வேட்டிப் பெட்டி என்று கிடைத்ததையெல்லாம் வெட்டி வைப்போம். அதில் முதல் தரம், பக்கத்து போட்டோ ஸ்டூடியோவிலிருந்து வருவது.

ஸ்டூடியோவில் பெரிய படங்களைத் தடித்த மவுண்ட் அட்டையில் ஒட்டிக் கொடுப்பார்கள். படம் எடுத்துக்கொண்டவர்கள் வாங்கிப்போக வராமல் விட்ட படங்கள் அங்கே சேர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று வருடம் பார்த்துவிட்டு, ஸ்டூடியோக்காரர் அவற்றைக் கட்டாகக் கட்டி எங்கள் கடைக்கு அனுப்பிவிடுவார். படத்தை அட்டையிலிருந்து உரிக்க முடியாது. அதனால் ஆளோடு சேர்த்தே உள்ளே வைப்போம்.

"மூஞ்சி உள்ள பாத்து இருக்கணும்ப்பா. சுவத்து ஈரம் முதுகுலதான் ஏறும். முதுகு தாங்கும்" என்றார் முதலாளி.

அவர் சொன்னபடியே செய்தேன். யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் லட்சுமிக்குப் பின்னால் போனார்கள். யாரோ ஒரு போலீஸ்காரர் பழனி ஆண்டவருக்குப் பின்னால் போனார். எத்தனை பேரை இப்படி ஆணியடித்து மூடினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு நாளும் மனசு உறுத்தவில்லை. அட்டை நல்ல அட்டையா என்றுதான் பார்ப்பேன்.

2. ரசீது

முதலாளி காலமாகி, அவர் மகன் கடைக்கு வந்து, ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை வந்த பிறகு நடந்தது இது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் செல்போன் கடையில் ஏதோ விசாரித்துவிட்டு, அவர்கள் கையைக் காட்ட, எங்கள் கடைக்கு வந்தார். பெயர் கலியபெருமாள். சீர்காழிப் பக்கம். தவில் வாசிப்பவர். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த ஒரு ரசீதை எடுத்தார். அந்த ஸ்டூடியோவின் ரசீதுதான். நம்பர் இருந்தது, 'குரூப், பெரிய சைஸ்' என்று எழுதியிருந்தது.

அம்மா இறந்த பிறகு அவருடைய பெட்டியில் கிடைத்ததாம். அப்பாவும் தவில்காரர். கல்யாணமாகி ஏழு மாதத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அம்மா பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பாவுடைய ஊரோடு போக்குவரத்து அற்றுப்போனது. வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. அம்மாவிடம் கேட்டால் அழுதுவிடுவார் என்பதால் இவர் கேட்பதையும் விட்டுவிட்டார்.

"எங்கப்பா எப்படி இருப்பார்னு எனக்குத் தெரியாதுண்ணே. சலூன் கண்ணாடியப் பாத்து, இப்படித்தான் இருந்திருப்பாரோன்னு நெனச்சுக்குவேன்."

வாங்கிக்கொண்டு போகாத படம். பெரிய சைஸ். மவுண்ட் அட்டை. அது எங்கே போயிருக்கும் என்று இந்த ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். தெரியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை. உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நடந்ததை அப்படியே சொன்னேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப எரிக்கல இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

எரிக்கவில்லை, ஏதோ ஒரு வீட்டுச் சுவரில்தான் இருக்கும் என்றேன். ரசீது நம்பரையும் தன் போன் நம்பரையும் என் டைரியில் எழுதிவிட்டுப் போனார்.

அன்று முதல், ரிப்பேருக்கு வரும் எங்கள் கடைப் பழைய சட்டம் ஒவ்வொன்றையும் நானே பிரித்தேன். ஐப்பசி மழை முடிந்தால் ஈரம் ஏறிய படங்கள் வரிசையாக வரும். கண்ணாடி மாற்றினால் போதும் என்று வருபவர்களிடமும், ஆணி துருப்பிடித்திருக்கிறது என்று சாக்குச் சொல்லிப் பிரித்துவிடுவேன். முதலாளி மகன், உங்களுக்கு என்ன புதையலா கிடைக்கப்போகிறது என்று கிண்டல் செய்தார்.

ஆனால் கிடைத்தது. வெளியே முருகன் செல்லரித்து, நிறம் போய்க் கிடப்பார். அட்டையைத் திருப்பினால், நேற்று எடுத்ததுபோல ஒரு முகம் நம்மைப் பார்க்கும். புது சைக்கிளின் ஹாண்டில்பாரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு விவசாயி. ஒரே மாதிரி புடவை கட்டி, ஒரே மாதிரி கை வைத்து நின்ற அக்கா தங்கை. மடியில் டிரான்சிஸ்டரைக் குழந்தைபோல வைத்திருந்த ஒருவர். ஒவ்வொரு முறையும் எனக்கு மயிர்க்கூச்செறியும். பொய் சொல்லவில்லை. நாற்பது வருடம் சாமி படத்துக்குச் சட்டம் போட்டவன்; அப்படி ஒரு சிலிர்ப்பு எந்தச் சாமியைப் பார்த்தும் எனக்கு வந்ததில்லை.

அவற்றைக் கடை வாசலில் மாட்டி வைத்தேன். கும்பகோணம் பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மாள் அந்த அக்கா தங்கையில் ஒருவரைக் காட்டி, "இவங்க எங்க பெரியம்மா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். தவில்காரர் மட்டும் அகப்படவில்லை. கலியபெருமாள் மாதம் ஒருமுறை போன் செய்வார். இல்லை என்பேன். பரவாயில்லைண்ணே என்பார். அந்தப் பரவாயில்லையைக் கேட்பது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

3. மக்கா படம்

இரண்டு வருடம் கழித்து, கூத்தாநல்லூரிலிருந்து ஒரு அம்மா மகனோடு காரில் வந்தார். வீடு இடித்துக் கட்டுகிறார்கள். அவருடைய வாப்பா எங்கள் கடையில் சட்டம் போட்டு மாட்டிய மக்கா படத்தைப் புது வீட்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். அவர் முன்னாலேயே பிரித்தேன். பின்னாலிருந்த அட்டையில் ஸ்டூடியோக்காரர் பென்சிலால் எழுதிய நம்பர். என் டைரியை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த நம்பர் எனக்கு மனப்பாடம்.

திருப்பினேன். நாயனக்காரர், ஒத்துக்காரர், தாளக்காரர், தவில்காரர். நால்வரும் வெற்றுடம்பில் சந்தனம் பூசி, பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இத்தனை வருஷம் எங்க வூட்டுல இருந்திருக்காங்க. ஒரு வாய் தண்ணி குடுக்கலையே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கண் கலங்கியிருந்தது.

கலியபெருமாள் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். படத்தை மேசைமேல் வைத்தேன். அவர் முதலில் முகத்தைப் பார்த்தார். சாயல் இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் அவர் பார்வை முகத்தில் நிற்கவில்லை. கீழே இறங்கிக் கையில் போய் நின்றது. "இது திருப்பிப் பிரிண்ட் போட்டதாண்ணே?" என்று கேட்டார்.

நெகட்டிவைத் திருப்பிப் போட்டால் வலது இடதாகிவிடும், அது உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பின்னாலிருந்த திரையின் மூலையில் ஸ்டூடியோ பெயர் நேராகத்தான் இருந்தது. திருப்பவில்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தவில்காரர்கள் வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கழி பிடிப்பார்கள். படத்தில் இருந்தவருக்குக் கூடு இடது கையில். கழி வலது கையில்.

"நானும் இப்படித்தாண்ணே. கத்துக்கப்போன எடத்துல இடது கையக் கட்டிப்போட்டு அடிச்சாங்க. கட்டு அவுத்ததும் அது தானா இந்தப் பக்கமே வரும். மேளத்துல ஜோடியா உக்காந்தா அசிங்கமா இருக்குன்னு எத்தனையோ பேர் கூப்பிடறதையே நிறுத்திட்டாங்க. தப்பாப் பொறந்த கைன்னு நானே நம்பிட்டேன்." இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இது அவர் கை."

அம்மா சொல்லவில்லையா என்றேன். இடது கைக்காரனானாலும் சாப்பிடுவதெல்லாம் வலது கையில்தான், அப்பா வாசித்து அம்மா பக்கத்தில் பார்த்திருக்கவே மாட்டார் என்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கையில் கிடைக்கிற அட்டை எதுவானாலும் ஆணி அடிக்கும் முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். முகம் இருந்தால் அது அட்டை இல்லை.

அன்று அந்தப் படத்துக்குத் தேக்குச் சட்டம் போட்டு, சாயங்காலமே தருகிறேன் என்றேன். கலியபெருமாள் கேட்கவில்லை. "ஒரு நாள் வீட்டுல இருக்கட்டும்ணே, நாளைக்குக் கொண்டாறேன்" என்று மேல்துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். பதினோராம் நாள்தான் கொண்டுவந்தார். ஏன் தாமதம் என்று நான் கேட்கவில்லை.