ஒயின் ஜாடிக்கு இறுக்கிய மூடி

கிறிஸ்துமஸ் ஒயினுக்கு முதல் வருடம் பீங்கான் ஜாடியும் வாயில் கட்டிய துணியுமே போதுமாக இருந்தன. மறுவருடம் கண்ணாடி ஜாடி வாங்கினேன். எங்கள் எண்ணூரில் துணியைத் தாண்டியும் அனல்மின் நிலையச் சாம்பல் உள்ளே விழும். அதனால் சென்ற வருடம் திருகுமூடி வைத்த பெரிய ஜாடிக்கு மாறினேன்.

“மூடிய லூசா வுடும்மா. திராட்ச பொங்கிகினு கீது, அது மூச்சு வுட வாணாமா?” என்றார் கணவர்.

“சாம்பல் வுழுமேங்க. அத்தயா வர்றவங்களுக்கு ஊத்தறது?” என்று நன்றாக இறுக்கினேன்.

மறுநாள் ஜாடி வெடித்தது. பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளின் வலது கண்ணில் கண்ணாடித் துண்டு பாய்ந்தது. அந்தக் கண்ணில் பார்வை திரும்பவே இல்லை.

இன்றும் அவள் தலையணையைத் தட்டினால் சாம்பல் பறக்கிறது. அதில் கொஞ்சம் ஒயினில் விழுந்திருந்தால்தான் என்ன?