சுவாசித்தல் பாடத்தின் பாதியில்

செய்தி வந்தபோது அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் திருச்சுழி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். கிளம்ப இன்னும் நேரமிருந்தது. பூக்கூடைகள் மேல் காலை வெயில் விழுந்து, மல்லிகை மணமும் டீசல் மணமும் கலந்து வர, எனக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் குணசீலன் சாரின் எண். அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நோய்ப் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது, வழக்கம்போல வகுப்பைப் பற்றி விசாரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பேசியது அவர் மனைவி சரோஜா.

"டீச்சர், விடியக்காலம் அவுக போயிட்டாக. பஸ்ஸு ஏறிட்டீகளா? ஏறலன்னா இப்படியே வீட்டுக்கு வந்துருங்க."

இறங்கிவிட்டேன். கண்டக்டர் என்னம்மா என்று கேட்டதும் நான் ஏதோ சொன்னதும் நினைவிருக்கிறது. என்ன சொன்னேன் என்பது நினைவில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும்தான் இந்த நினைவுக் குறிப்பை வாசிப்பார்கள். ஆனாலும் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். குணசீலன் சார் திருச்சுழியைத் தாண்டி இருக்கும் எங்கள் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியர். நான் விலங்கியல். உயிரியல் என்று பார்த்தால் ஒரே பாடம்தான், ஆனால் புத்தகம் இரண்டு, ஆசிரியர் இரண்டு. மதிப்பெண்ணையும் ஆய்வகத்தையும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்வோம். 'உங்க பாதி', 'என் பாதி' என்றுதான் எங்களுக்குள் பேச்சு. அண்ணன் தம்பி சொத்துப் பிரித்ததுபோல இருக்கிறதே என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். இத்தனை ஆண்டுகளில் அந்த வரப்பை நாங்கள் தாண்டியதே இல்லை.

அவருக்குச் செடிகள் முதலில் பழக்கமானது அவை செத்துக் காய்ந்த பிறகுதான். அப்படிச் சொன்னால் சிரிப்பார், ஆனால் உண்மை. அவர் அப்பா அருப்புக்கோட்டையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். வேரும் பட்டையும் காயும் பழுப்பு நிறத்தில் சாக்கிலும் மரப்பெட்டியிலும் கிடக்கும். பெட்டிகள் நோய்ப்படி அடுக்கப்பட்டிருக்கும். இருமலுக்கு ஒரு வரிசை, வயிற்றுக்கு ஒரு வரிசை, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு வரிசை. சின்ன வயதில் ஒருநாள் திருச்சுழித் திருவிழாவுக்குப் போனபோது பொட்டலில் மஞ்சள் பூ பூத்துத் தரையோடு படர்ந்திருந்த கொடியை மிதித்து, காலில் முள் ஏறிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் கடையில் நீர்க்கடுப்பு வரிசையில் இருக்கும் நெருஞ்சில். "நம்ம கடைச் சரக்கு இங்க எப்படி வந்துச்சுன்னு நெனச்சேன் டீச்சர். யாரோ களவாண்டு கொண்டாந்து கொட்டிட்டாகன்னு, முடிஞ்ச மட்டும் பொறுக்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். அப்பாகிட்ட குடுத்தா, அடி விழுகும்னு பாத்தேன், சிரிச்சாரு." நெருஞ்சில் பச்சையாகவும் இருக்கும், பூக்கவும் செய்யும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அதன் பிறகு கடையில் இருந்த ஒவ்வொன்றையும் உயிரோடு பார்த்துவிட வேண்டும் என்று அலைய ஆரம்பித்தாராம். அப்படி அலைந்துதான் தாவரவியலுக்கு வந்து சேர்ந்தார்.

ஒருமுறை பருவத் தேர்வில் தாவரங்களை வகைப்படுத்தச் சொல்லியிருந்தார். எம்.ரெட்டியபட்டிப் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: 'தாவரங்கள் மூன்று வகைப்படும். ஆடு தின்பவை, ஆடு தின்னாதவை, வேறு வழியில்லாவிட்டால் தின்பவை.' எருக்கும் ஊமத்தையும் ஆவாரையும் இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டாம். ஆசிரியர் அறையில் அதை உரக்கப் படித்து நான்தான் முதலில் சிரித்தேன். அவர் தாளை வாங்கி மின்விசிறிக் காற்றில் படபடக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"சிரிக்காதீங்க டீச்சர். வகைப்பாடுன்னா என்ன, ஒரு கேள்விய வச்சுக்கிட்டு உலகத்தப் பிரிக்கிறதுதான். எங்க அப்பா நோயக் கேட்டுப் பிரிச்சாரு. புஸ்தகம் பூவக் கேட்டுப் பிரிக்குது. இவன் ஆட்டக் கேட்டுப் பிரிச்சிருக்கான்."

பாதி மதிப்பெண் போட்டார். மறுநாள் வகுப்புக்கு எருக்கையும் ஆவாரையையும் கொண்டுபோய், ஆடு ஏன் ஒதுக்குகிறது என்று அந்தப் பையனையே சொல்ல வைத்தார். பால், கசப்பு, நாற்றம் என்று அவன் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் செடி எதற்காகத் தயாரிக்கிறது என்று இவர் சொல்லிக்கொண்டே போனாராம். கடைசியில், "பரீட்சையில மட்டும் பூவக் கேளுப்பா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு பெரும்பாலும் அவருக்குத்தான் வரும். வெளியே வெயில் வெள்ளையாக நிற்கும். கருவேலங்காட்டிலிருந்து வரும் காற்றில் ஈரம் என்று மருந்துக்குக்கூட இருக்காது. அவர் குரலோ தாலாட்டுகிற குரல். பசுங்கணிகம், இலைத்துளை, ஒளி என்று அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போக, பக்கத்து அறையில் இருக்கும் எனக்கே இமை கனக்கும். எனக்குப் பொறுமை குறைவு என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். ஒருநாள் எழுந்துபோய் வாசலில் நின்று, "சார், பாதிப் பிள்ளைக தூங்குறாக" என்றேன்.

"தூங்கட்டும் டீச்சர். காலையில தண்ணி சுமந்துட்டு, ரெண்டு பஸ்ஸு மாறி வந்த பிள்ளைக. ஒடம்புல இருக்குற செல்லு தூங்காது, அது பாட்டுக்கு வேலை பாக்கும்" என்றார். சொல்லிவிட்டு, முழித்திருந்தவர்களுக்கு அதே குரலில் பாடத்தைத் தொடர்ந்தார்.

ஆய்வக ஜன்னலில் தொட்டியில் ரணகள்ளி வைத்திருந்தார். தடித்த இலை, ஓரத்திலேயே குட்டி முளைக்கும். புதிதாக வேலைக்குச் சேரும் எவரும் அதில் ஒரு துண்டைக் காலையில் கடித்துப் பார்க்க வேண்டும், சாயங்காலம் கிளம்பும்போது இன்னொரு துண்டைக் கடிக்க வேண்டும். காலையில் புளிக்கும், சாயங்காலம் சப்பென்று இருக்கும். பகலில் இலைத்துளையைத் திறந்தால் தண்ணீரெல்லாம் போய்விடும் என்று அது ராத்திரி திறந்து காற்றை வாங்கிப் புளிப்பாக்கிச் சேர்த்துவைக்கும், வெயில் வந்ததும் கதவை மூடிக்கொண்டு அந்தப் புளிப்பைச் செலவழித்துச் சர்க்கரை செய்யும். நான் சேர்ந்த அன்று காப்பி குடித்த வாயோடு கடித்துவிட்டு, ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே என்றேன். அவருக்கு முகம் வாடிப்போயிற்று. மறுநாள் காப்பி குடிக்காமல் வரச் சொல்லிக் கெஞ்சினார். வந்தேன், கடித்தேன், புளித்தது. சொன்னதும் அப்படி ஒரு நிம்மதி அவர் முகத்தில்.

சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் அருப்புக்கோட்டை திரும்புவோம். வழியில் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, கரி மூட்டம் போட்டிருப்பார்கள். மேட்டிலிருந்து நூல் நூலாகப் புகை எழும். ஒரு மாசி மாதத்தில், வெயில் மஞ்சளாகி இறங்கும் நேரத்தில், அவர் அதைக் காட்டினார்.

"அங்க பாருங்க டீச்சர், பழைய வெயிலு புகையுது. என்னைக்கோ அடிச்ச வெயில இலை பிடிச்சுச் சர்க்கரையில கட்டிப் போட்டுச்சு. அது மரமாச்சு. இப்ப அவுத்து விடுறாக."

"நம்ம சோறும் அப்படித்தான்னு சொல்லப் போறீக" என்றேன்.

"அப்படித்தான். ஆனா செல்லு இருக்கே, அது மூட்டம் போடுறவன் மாதிரி. மொத்தமா எரிய விடாது. விட்டா நாம பொசுங்கிப் போவோம். துளித் துளியா அவுக்கும். அதத்தான் ஏடிபின்னு புஸ்தகத்துல போட்டிருக்கான்."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸில் வெங்காய மூட்டையோடு ஒருவர், மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண், நின்றபடியே தூங்கும் கல்லூரிப் பையன்கள். எல்லோரும் உள்ளுக்குள் மெல்லப் புகைந்துகொண்டு ஊர் போய்ச் சேருவதுபோல எனக்குத் தோன்றியது. அந்தக் கிறக்கம் அருப்புக்கோட்டை காந்தி நகரில் இறங்கும்வரை போகவில்லை.

போன மழைக்குப் பிறகு அவருக்கு மாடி ஏற முடியாமல் போயிற்று. இதயத் தசை தளர்ந்துவிட்டது என்றார்கள். பதினொன்றாம் வகுப்புக்குச் சுவாசித்தல் பாடத்தைப் பாதி நடத்தியிருந்த நேரத்தில் விடுப்பு எடுத்தார். பதிலுக்கு ஆள் வரவில்லை. மீதியைப் பிள்ளைகளே படித்துக்கொள்ளட்டும், கேள்வி வேறு பாடத்திலிருந்தும் வருமே என்ற பேச்சு பள்ளியில் கிளம்பியது. அது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. மதுரையில் மருத்துவமனைக்குப் பார்க்கப் போனபோது, நான் கொண்டுபோன பழத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

"சர்க்கரைய ரெண்டா ஒடச்சு, மைட்டோகாண்ட்ரியா வாசல்ல கொண்டுபோயி பிள்ளைகள நிப்பாட்டிட்டு வந்துட்டேன் டீச்சர். உள்ள கூட்டிட்டுப் போகல."

"நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க சார்."

"வாரேன். வர முடியலன்னா நீங்க எடுங்க. அந்தப் பாடத்த மட்டும் விட்டுறக் கூடாது. ஒளிச்சேர்க்கைய மட்டும் படிச்சா, சமைக்கிறதப் பாத்துட்டுச் சாப்புடாம எந்திரிச்ச மாதிரி."

"உங்க பாதி எனக்கு வராது சார். நான் தவளைக்காரி."

சிரித்தார். சிரித்ததில் மூச்சு இரைத்தது. சரோஜா எழுந்து தலையணையை உயர்த்தி வைத்தார். மூச்சு நிதானப்பட்டதும் சொன்னார்: "மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தாவரவியல், விலங்கியல்னு தெரியுமா டீச்சர்? புளியமரத்துலயும் அதே வேலைதான், உங்க தவளையிலயும் அதே வேலைதான். இந்தா கெடக்கனே, எனக்குள்ளயும் அதே வேலைதான். இப்பக் கொஞ்சம் சொணங்குது, அம்புட்டுத்தான்."

நான் எடுக்கிறேன் என்று சொல்லவில்லை. பார்ப்போம் சார் என்றேன். எடுக்கிறேன் என்று சொன்னால் அவர் வரமாட்டார் என்பதை நானே ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

காரியங்கள் முடிந்து பள்ளி திறந்த அன்று, சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பில் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அவர் புத்தகத்தை ஒரு முறை புரட்டியிருந்தேன், அவ்வளவுதான். உள்ளே போனேன். ஒருவர்கூடத் தூங்கவில்லை.

"சார் எங்க விட்டாரு?" என்று கேட்டேன்.

"மைட்டோகாண்ட்ரியா வாசல்ல" என்று மொத்த வகுப்பும் சொன்னது.

திரும்பிக் கரும்பலகையில் இரட்டைச் சுவராக ஒரு நீள்வட்டம் வரைந்தேன். உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நடக்கும் வேதிச் சுழற்சியில் ஓரிடத்தில் தடுமாறி அழித்து எழுதினேன். மூச்சில் நாம் இழுக்கும் ஆக்சிஜன் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது, அது வராவிட்டால் உள்ளே எல்லா வேலையும் நின்றுவிடும் என்று சொன்னபோது, வீரசோழனிலிருந்து பஸ்ஸில் வரும் கார்த்திகா கை தூக்கினாள்.

"டீச்சர், மூச்சு நின்னா எல்லாச் செல்லும் அந்த நேரமே செத்துருமா?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று தெரிந்தது. பாடத்தில் இல்லாத கேள்வி, உட்காரு என்று சொல்லியிருக்கலாம். சாருக்குப் பிடிக்காது.

"இல்லம்மா. மூளையில சீக்கிரம் நடந்துரும். மத்த எடத்துல மெல்ல மெல்லத்தான். ஆக்சிஜன் வராட்டியும், சர்க்கரைய ரெண்டா ஒடைக்கிறது இருக்குல்ல, சார் நடத்துனது, அத மட்டும் வச்சுக்கிட்டுச் செல்லு கொஞ்ச நேரம் சமாளிக்கும். தோலு ரொம்ப நேரம் தாங்கும்."

"நாங்க மத்தியானந்தான் டீச்சர் வந்தோம். ஐஸ் பெட்டி இன்னும் வரலன்னு சாரப் பாயில படுக்க வச்சிருந்தாக. எல்லாரும் வரிசையாப் போயிக் காலத் தொட்டுக் கும்பிட்டோம். அப்ப அங்க செல்லு உசுரோட இருந்திருக்குமா?"

ஆறுதலுக்காகப் பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. சொல்ல வேண்டிய தேவையும் அன்று வரவில்லை.

"இருந்திருக்கும்" என்றேன்.

கார்த்திகா தன் உள்ளங்கையை ஒரு முறை விரித்துப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, பலகையில் இருந்ததை எழுத ஆரம்பித்தாள். மற்றவர்களும் எழுதினார்கள். அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். பாடம் முடிந்தது.

குணசீலன் சார், அடுத்த ஆண்டு உங்கள் இடத்துக்கு யாரோ ஒருவர் வருவார். நல்லவராகவே இருக்கட்டும். உங்கள் அலமாரிச் சாவியைக் கொடுத்துவிடுவேன், உங்கள் செடிகளைக் காட்டிக் கொடுப்பேன், உங்கள் பாதி முழுவதையும் முறையாக ஒப்படைப்பேன். சுவாசித்தல் பாடத்தை மட்டும் யார் கேட்டாலும் தர மாட்டேன்.