மேஜை மேல் ஒரு கொடி

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஒரு கொடியை இறக்கினேன். அதனால் என் மகளின் கல்யாணம் கிட்டத்தட்ட நின்றே போயிற்று.

பயப்பட வேண்டாம், கட்சிக் கொடி இல்லை. கல்கத்தாவில் முப்பத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். அந்த மாதிரிக் கொடிகளிடமிருந்து பத்தடி தள்ளி நிற்கத் தெரியும். இது உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கொடி. பாலிகஞ்ச் பக்கம் ஒரு மாலின் நாலாவது மாடியில், பார்பிக்யூ ஓட்டல் மேஜையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். என் மகள் நித்யா, அர்க்கோ என்கிற பெங்காலிப் பையனைக் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டாள். இரண்டு வீட்டுப் பெற்றோரும் முதல்முறையாகச் சந்திக்க வேண்டும். எங்கே சந்திப்பது? டாக்குரியாவில் எங்கள் ஃப்ளாட்டில் என்றால் சாம்பார், ரசம், அவியல். நாங்கள் திருநெல்வேலி சைவர்கள்; முட்டைக்கே வீட்டுக்குள் அனுமதி கிடையாது. அவர்கள் வீட்டிலோ மீன் இல்லையென்றால் அதற்குப் பெயர் சாப்பாடே இல்லை.

ஆகவே நித்யா ஒரு பொது இடத்தைக் கண்டுபிடித்தாள். நாடெங்கும் கிளைகள் உள்ள ஓட்டல். மேஜைக்கு நடுவிலேயே இரண்டு கரி அடுப்பு. ஒன்றில் அவர்களுக்கு மீனும் இறாலும், இன்னொன்றில் எங்களுக்கு பனீரும் காளானும். கம்பியில் குத்தியபடி வந்துகொண்டே இருக்கும் – அன்லிமிடெட்!

மால் லிஃப்டில் என் சட்டைக் காலரைச் சரி செய்தபடி நித்யா சொன்னாள்: "அப்பா, ஷோனோ, கேளுங்க... அர்க்கோவோட அப்பா இன்னும் சரின்னு வாயைத் திறந்து சொல்லலை. நம்ம மாதிரி வெஜ் ஆளுங்க அவங்களைக் கீழா பார்ப்பாங்களோன்னு அவருக்கு ஒரு எண்ணம். மீன் வந்தா மூக்கை மட்டும் சுளிச்சிடாதீங்க. ப்ளீஸ்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றேன்.

என் மனைவி விஜயா லிஃப்ட் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அர்க்கோவின் அப்பா பிமல் பாபு, கிடர்பூர் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் அதிகாரியாக இருந்து ரிட்டயரானவர். எதையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. என்னை "மிஸ்டர் சேகர்" என்றார். அவர் மனைவி ஷிப்ரா மட்டும் சிரித்த முகம். வெயில், மெட்ரோ, வெயில் என்று பேசி முடித்தோம்.

"காலையிலேர்ந்து டீ தவிர ஒண்ணும் தொடலை" என்றார் பிமல் பாபு பெங்காலியில், நாப்கினை விரித்தபடி. "இங்கே வயித்துக்கு வேலை இருக்குன்னு தெரியும்."

வெயிட்டர் வந்து சட்டதிட்டங்களை விளக்கினார். கொடி நிமிர்ந்து நின்றால் கம்பிகள் வந்துகொண்டே இருக்கும். போதும் என்றால் கொடியைப் படுக்கவைக்க வேண்டும். வரத்து நின்றுவிடும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

நம் ஊர்ப் பந்தியில் 'போதும்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். முதல் 'போதும்' மரியாதைக்கு. இரண்டாவது 'போதும்' பக்கத்து இலைக்காரர் பார்க்கிறாரே என்பதற்கு. மூன்றாவது தடவை இலையின் மேல் கையை விரித்து மறைப்போம் – விரல்களுக்கு நடுவே பாயசம் இறங்குகிற அளவுக்கு இடம் விட்டு! பரிமாறுகிறவர் அதையெல்லாம் கேட்காமல் ஊற்ற வேண்டும். கேட்டு நிறுத்திவிட்டால், அந்த வீட்டைப் பற்றி மூன்று தலைமுறைக்குப் பேசுவோம்.

இந்த வளர்ப்புதான் என்னைக் கவிழ்த்தது.

அடுப்பில் சுட்ட அன்னாசி இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தேன். பிரமாதம். மூன்றாவதற்கு நாக்கு ஏங்கிற்று. வெயிட்டர் கம்பியோடு வந்தார். பெண்ணைப் பெற்றவன் முதல் சந்திப்பிலேயே அள்ளி விழுங்கலாமா? "போதும், போதும்" என்றேன். அவர் கொடியைப் பார்த்தார். நானும், அதற்கென்ன என்று, ஒற்றை விரலால் அதைச் சாய்த்தேன். 'அட, இன்னும் ஒண்ணு எடுத்துக்கங்க சார்' என்பார் என்று காத்திருந்தேன்.

அவர் தலை குனிந்து "தேங்க் யூ சார்" என்றார். இன்னொருவரையும் கூப்பிட்டார். இரண்டு பேருமாக இரண்டு அடுப்பையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்போதுதான் வந்து இறங்கியிருந்த இறாலும் கூடவே போயிற்று. பிமல் பாபுவின் ஃபோர்க் அந்தரத்தில் நின்றது. பாவம், அதுவரை அவர் சாப்பிட்டது ஒரே ஒரு துண்டு மீன்.

ஃபோர்க்கை மெதுவாகத் தட்டில் வைத்தார். "எனக்கும் போதும்" என்றார்.

விஜயா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். எனக்கு விளங்கவில்லை. வற்புறுத்தத் தெரியாத வெயிட்டரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஷிப்ரா, நித்யாவின் பக்கம் சாய்ந்து, எனக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில் பெங்காலியில் கேட்டார்.

"உங்க அப்பாவுக்கு மீன் வாசனை ஒத்துக்கலையாம்மா? முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களும் சைவமே சாப்பிட்டிருப்போமே..."

நித்யா என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பாதி வாழ்க்கை மீன் மார்க்கெட் வழியாகவே நடந்த மூக்கு என்னுடையது! ஆனால் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? 'அன்னாசிக்கு ஆசைப்பட்டுத்தான் போதும் என்றேன்' என்று ஒருவன் வாக்குமூலம் கொடுத்தால், கஸ்டம்ஸ்காரர் ஏற்பாரா? வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. ஒரு விரலால் பெண்ணின் வாழ்க்கையைச் சாய்த்துவிட்டேனே.

எழுந்தேன். கொடியை நிமிர்த்தி வைத்தேன். வெயிட்டரைக் கூப்பிட்டு, "அடுப்பு திரும்ப வரணும். இறாலும்" என்றேன்.

வந்தது. மேஜையில் மசாலா தடவுவதற்கு ஒரு சின்ன பிரஷ் இருந்தது. அதை எடுத்து, இறால் கம்பியைத் திருப்பித் திருப்பி நானே மசாலா தடவ ஆரம்பித்தேன். என் பரம்பரையில் யாரும் செய்யாத காரியம்.

"என்னங்க பண்ணுதீங்க?" என்றாள் விஜயா தமிழில்.

"சம்பந்திக்குப் பரிமாறுதேன்."

இரண்டு இறாலை பிமல் பாபுவின் தட்டில் வைத்தேன். "நா, நா" என்றார். வைத்தேன். சாப்பிட்டார். இன்னும் இரண்டு. "ஆர் நா, ஆர் நா" – இனி வேண்டாம் என்றார். வைத்தேன். சாப்பிட்டார். மூன்றாவது தடவை கம்பியோடு போனபோது, தட்டின் மேல் கையை விரித்து மறைத்தார்.

விரல்களைப் பார்த்தேன்.

நடுவில் இடம் இருந்தது! ஓர் இறால் தாராளமாக நுழையும். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நுழைத்தேன்.

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, அன்னாசிக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். "எங்க ஊர்ல போதும்னா, மூணு தடவையாவது கேட்கணும்" என்றேன்.

"எங்க வீட்டில் நாலு" என்றார் பிமல் பாபு. "கேட்காம விட்டா என் தங்கை வீட்டுக்கு வர்றதையே நிறுத்திடுவா."

யோசித்துப் பார்த்தால், அந்த ஓட்டல்காரர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நாம் சொன்னதை அப்படியே நம்பினார்கள். நம்மோடு பழக்கமில்லாதவர்கள்தான் நாம் சொல்வதை நம்புவார்கள். உறவுக்காரன் என்பவன் யார்? நம் முதல் 'வேண்டாம்' என்பதை நம்பாதவன்... அவ்வளவுதானே?

அப்புறம் எனக்கும் அன்னாசி வந்தது. வைத்தவர் பிமல் பாபு. எத்தனை துண்டு என்று கேட்காதீர்கள்.

கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்தே கொடியைச் சாய்த்தோம். குல்ஃபி வந்தது. பிமல் பாபு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"பெயாய் மொஷாய்..." என்றார்.

பெங்காலியில் சம்பந்தியை அப்படித்தான் அழைப்பார்கள். நான் மிஸ்டர் சேகராக உள்ளே வந்தவன்.

"வர்ற ஓக்ரோஹாயோன்லயே ஒரு நாள் பார்த்துடலாமா?" நம் கார்த்திகை மாதத்தைத்தான் சொன்னார்.

நித்யாவின் ஸ்பூன் பாதியில் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? நாற்பது வருஷப் பழக்கம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இருக்கட்டுமே... இப்ப என்ன அவசரம்..."

நித்யா கையை நீட்டி, படுத்திருந்த கொடியை எடுத்து என் எதிரே நிமிர்த்தி வைத்தாள்.

கார்த்திகையில் கல்யாணம். அவசியம் வாருங்கள் – பந்தியில் நிஜமாகவே போதும் என்பவர்கள் மட்டும் விரல்களை நன்றாக ஒட்டி வைத்துக்கொள்ளவும்!