அனலைதீவுக்கு ஒரு விண்ணப்பம்

பக்கத்து அறையில் தகரப் பெட்டியின் கொக்கி இரண்டு முறை விழுந்த சத்தம் கேட்டது. ராசம்மா பெட்டியைப் பூட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை பதுளையில் ரயில் ஏற வேண்டும். இன்று புதன். எங்கே போய்த் தங்குவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

"பெட்டியைப் பூட்டினாப் போதுமே? எந்தப் பக்கம் போறதெண்டு சொல்லன்" என்றார் முன்னறையில் இருந்த தர்மராசா.

"டாக்டரையா நீங்க. நீங்கதான் சொல்லணும்" என்றாள் அவள் உள்ளிருந்தபடியே.

தர்மராசா டாக்டர் அல்ல. பசறைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர். சொந்த ஊர் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, கடலுக்குள் கிடக்கும் அனலைதீவு. ராசம்மா பூனாகலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களின் மகள். பண்டாரவளையில் எட்டாம் வகுப்புவரை படித்து, இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாக வந்தவள். 1949ஆம் ஆண்டு இருவரும் பதுளையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். தாய் தகப்பனுக்குப் பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கிய அக்கா கமலாதேவிக்கு அன்றைக்கே தர்மராசா கடிதம் போட்டார். தோட்டத்துப் பெண்ணைக் கட்டியவனுக்குப் பதில் வரவில்லை. அவரும் பிறகு எழுதவில்லை. ஐந்து வருடங்கள் இப்படியே ஓடிவிட்டன.

இந்தச் சித்திரையில்தான் அவருக்கு இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. முப்பது வயதாகியும் ராசம்மா கடலைக் கண்டதில்லை. அவளுடைய தாய் கண்டிருக்கிறாள், இந்தியாவிலிருந்து தலைமன்னாருக்கு வந்த கப்பலில். "வாந்தி எடுத்ததத் தவிர கடலப் பத்தி எங்காத்தா ஒண்ணுமே சொன்னதில்ல" என்று ராசம்மா சிரிப்பாள்.

பசறையில் துணிக்கடை வைத்திருந்த றஹீம் நாநாவின் மாமாவுக்கு மன்னார்த் தீவில், எருக்கலம்பிட்டியில், கடலோரமாக ஒரு வீடு சும்மா கிடந்தது. அங்கே போய்த் தங்குவதுதான் தர்மராசாவின் எண்ணம். யாரும் யாரையும் எதுவும் கேட்கமாட்டார்கள். நயினாதீவுக் கோயில் மடத்தையும் யோசித்துப் பார்த்தார். அடுத்த தீவில் பிறந்த வீடு இருக்கும்போது மடத்தில் பாய் விரித்தால் ஊர் சிரிக்கும் என்று அதை விட்டுவிட்டார். ராசம்மா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அவள் மனம் அனலைதீவு வீட்டின் மேலேயே இருந்தது. கைப்பிடித்தவன் வீட்டு வாசற்படியை மிதிக்காத பெண்ணாகவே தன் காலம் போய்விடுமோ என்ற ஏக்கத்தை அவள் எவரிடமும் சொன்னதில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வந்தவர் அம்பலவாணர். பதுளைக் கச்சேரியில், அரசாங்கக் காரியாலயத்தில், கிளாக்கர்; தர்மராசாவின் ஊர்க்காரர். வருடப் பிறப்புக்கு ஊருக்குப் போய் முந்தாநாள்தான் திரும்பியிருந்தார். ராசம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அம்பலவாணர் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். "கொக்கா, கமலாதேவியக்கா தந்துவிட்டவ. நீர் முதல்ல வாசியும்."

கையெழுத்து ராசம்மாவினுடையது. தர்மராசா திடுக்கிட்டு வாசித்தார்.

'கமலாதேவி அம்மாள் அவர்களுக்கு, ராசம்மா தர்மராசா பணிவுடன் செய்துகொள்ளும் விண்ணப்பம். இம்மாதம் 25ஆம் திகதி முதல் பத்து நாட்கள் தங்கள் இல்லத்தில் தங்க உத்தரவு தரும்படி வேண்டுகிறேன். வருவோர் இருவர். தர்மராசா, வயது முப்பத்தாறு, தங்கள் சொந்தத் தம்பி. ராசம்மா, வயது முப்பது, மேற்படியாரின் மனைவி. இருவருக்கும் தொற்றுநோய் எதுவும் இல்லை. விவாகப் பதிவின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.'

"அக்கா என்ன சொன்னவ?" என்றார் தர்மராசா.

"என்ன சொல்லுறது? ஒழுங்கை முழுக்கக் கேக்கக் கத்தினவ. 'என்ரை தம்பி தன்ரை வீட்டுக்கு வர என்னட்டை உத்தரவு கேக்கிறானோ? நான் என்ன தோட்டத்துத் துரையோ?' எண்டு. சனமெல்லாம் வாசல் படலையடிக்கு வந்திட்டுது."

"அவருக்கு இதெல்லாம் தெரியாதுண்ணே." ராசம்மா வாசலில் வந்து நின்றாள். "நான்தான் எழுதித் தபால்ல போட்டேன். மரியாதையாத்தான் எழுதினேன். தப்பாப் போச்சா?"

"சொந்த வீட்டுக்கு ஆராவது விண்ணப்பம் போடுறதே பிள்ளை? எங்கடை ஊரிலை ரத்த உறவெண்டால் பையை உள்ளுக்கை எறிஞ்சுபோட்டு நேரை கிணத்தடிக்குப் போவினம். வாறன் எண்டு எழுதினாலே கோவிப்பினம். நீர் வயதெல்லாம் போட்டு எழுதியிருக்கிறீர்."

ராசம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "எங்க தோட்டத்து லயத்து வீட்டுல மருமகன் வந்து ஒரு நாள் தங்கினாலும் கங்காணிக்கிட்ட பேரு குடுக்கணும்ணே. எங்கப்பா செத்தப்ப சித்தப்பா ஓடி வந்தாரு. அழுத அழுகையில பேரு குடுக்க மறந்துட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள வெளிய அனுப்பிட்டாங்க. பொணம் இன்னும் வீட்டுலதான் கெடந்துச்சு. அதுக்கப்புறம் நான் கேக்காம யாரு வீட்டுக்கும் போனதில்ல."

குடியுரிமைக்கு மனுப் போட்ட வருடங்களில் பாதித் தோட்டத்துக்கு எழுதிக் கொடுத்தவள் அவள். பெயர், வயது, உறவுமுறை, அத்தாட்சி என்று எழுதி எழுதி, இதைவிடப் பணிவாக ஒருவரிடம் எதையும் கேட்க முடியாது என்றே நம்பியிருந்தாள்.

"அப்ப வரவேண்டாம் எண்டிட்டா" என்றார் தர்மராசா.

"அவசரப்படாமல் கேளும். கடிதத்தை மட்டும்தான் திருப்பித் தந்தவ. கலியாணப் பதிவுக் கடதாசியைத் தரேல்லை. நானும் கேட்டுப் பாத்தனான். 'அது இந்த வீட்டிலை இருக்கவேண்டியது' எண்டு பெட்டகத்துக்குள்ளை வைச்சிட்டா."

தர்மராசா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ராசம்மாவின் கண்களிலிருந்து நீர் பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் துடைக்கவில்லை.

"ராசம்மாவை எங்கை இருத்துவா?" என்று கேட்டார் தர்மராசா, திரும்பாமலே.

"நான் ஊரிலையிருந்து வெளிக்கிடேக்கை முன்னறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்து நிண்டது. அடுப்படிக்குள்ளை விடுவாவோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லமாட்டன்."

"பத்து நாள் தங்கப் போயி நான் எதுக்கு அடுப்படிக்குள்ள போகணும்?" என்றாள் ராசம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான் கடலப் பாக்கப் போறேன்."

அம்பலவாணர் வாய்விட்டுச் சிரித்தார். தர்மராசா சிரிக்கவில்லை. "மன்னாரிலை ஒரு கரைச்சலும் இல்லை, ராசம்மா. அங்கை உன்னை ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லாயினம்."

"அது எனக்கும் தெரியும்ங்க. ஆனா அங்க நான் விருந்தாளி. அனலைதீவுல அந்தக் கடதாசிய அவங்க உள்ள எடுத்து வச்சிருக்காங்க. போயி நிப்போம். மனசு ஒத்து வரலேன்னா மறுநாளே மன்னாருக்குப் போயிருவோம். போகாமலே ஒத்து வராதுன்னு எப்படிச் சொல்றது?"

தர்மராசா கடிதத்தை நான்காக மடித்தார். பிறகு தலையை மெல்ல ஆட்டினார். "சரி. வீட்டையே போவம். றஹீம் நாநாவுக்கு நான் நாளைக்குச் சொல்லுறன்."

"அப்ப கொக்காவுக்கு நான் ஒரு தந்தி அடிக்கட்டோ?" என்றார் அம்பலவாணர், எழுந்து தேநீரின் மிச்சத்தைக் குடித்தபடி.

"வேணாண்ணே" என்றாள் ராசம்மா. "கேட்டுட்டு வந்தாத்தான் அவங்களுக்குப் பிடிக்காதே. சும்மா போயி நிக்கிறோம்."

"கெட்டிக்காரி. கிணத்தடி வேலிக்குப் பின்னாலை இருக்கு. பையை எறிஞ்சுபோட்டு நேரை அங்கை போம்."

நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவர் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். தர்மராசா படிவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். தேயிலை மலைப் பக்கமிருந்து குளிர் ஏறிக்கொண்டிருந்தது. அம்பலவாணரின் குடை வளைவில் மறைந்ததும் ராசம்மா கதவைச் சாத்தினாள்.